சிப்பாயின் உயரமும் ரயிலின் கேஜும்

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9-ஆம் தேதி திருகோணமலையின் முறை. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். நகரில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறும்படி மாகாண அரசு அறிவுறுத்தியது; அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் முண்டியடித்தது. ஜப்பானியர் வரவில்லை.

வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை மேசைமேல் ஆடிப் பார்ப்பதுதான் சிற்றுருப் போர் விளையாட்டு. விரல் நீளப் பொம்மைச் சிப்பாய்கள், அட்டையில் செய்த வீடுகள், பகடை, அளவு நாடா, ஒரு விதிப் புத்தகம்: இவ்வளவுதான் கருவிகள். பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1820-களிலேயே வரைபடத்தின்மேல் போர் ஆடிப் பழகினார்கள். அதைப் பொதுமக்களின் வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் வெளிவந்த அவருடைய 'லிட்டில் வார்ஸ்' இந்தப் பொழுதுபோக்கின் மூல நூல்களில் ஒன்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அவர் எழுதிய 'ஃப்ளோர் கேம்ஸ்' நூலில் பொம்மை ரயிலும் தண்டவாளமும் உண்டு. ஆக, மேசைப் போரும் பொம்மை ரயிலும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் இந்த 1942 ஆட்டத்தை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். களம் கடலூர் கடற்கரைக்கும் விருத்தாசலம் சந்திப்புக்கும் நடுவே உள்ள நிலம். ரயில் இல்லாமல் அந்தக் களம் முழுமையாகாது. கடைக்குப் போனால் கிடைப்பவை ஜெர்மன் இன்ஜின், பிரிட்டிஷ் இன்ஜின், அமெரிக்க டீசல். எதை வாங்குவது? பலர் முதலில் இன்ஜினின் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சிப்பாயின் உயரத்தை.

போர்ப் பொம்மைகள் '28 மில்லிமீட்டர்', '15 மில்லிமீட்டர்' என்று விற்கப்படுகின்றன. இது பெரும்பாலும் உள்ளங்காலிலிருந்து கண் வரையிலான உயரம். தொப்பியும் தலைப்பாகையும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கண்வரை அளப்பது வழக்கமாயிற்று. சராசரி மனிதரின் கண்ணளவு உயரம் 1.6 மீட்டர் என்று கொண்டால், 28 மில்லிமீட்டர் பொம்மை சுமார் 1:57 அளவில் இருக்கிறது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். 1:56 முதல் 1:60 வரை என்று எடுத்துக்கொள்ளலாம். 15 மில்லிமீட்டர் பொம்மை ஏறக்குறைய 1:100. ரயில் உலகின் கணக்கு வேறு. அங்கே முதன்மை அளவு இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. உலகில் மிக அதிகமாக விற்பனையாகும் ஹெச்.ஓ. வகைத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொதுவான 1,435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் வரும் எண் அது.

அன்றைய இந்தியாவின் பெரும் பாதைகள் இரண்டு: 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை, 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். இரண்டுமே 1,435 அல்ல. அப்படியானால் ஹெச்.ஓ. தண்டவாளம் இந்தியக் களத்துக்கு உதவாதா? பெருக்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 16.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 990. மீட்டர் கேஜுக்கு ஒரு சதவீதம்தான் குறைவு. அதே 16.5-ஐ 100-ஆல் பெருக்கினால் 1,650. இந்திய அகலப் பாதைக்கு 26 மில்லிமீட்டர் மட்டுமே குறைவு. 28 மில்லிமீட்டர் சிப்பாயை அருகில் நிறுத்தினால் அந்தத் தண்டவாளம் எழும்பூரிலிருந்து அன்று தெற்கே போன மீட்டர் கேஜ். அவரை எடுத்துவிட்டு 15 மில்லிமீட்டர் சிப்பாயை வைத்தால் அதுவே சென்ட்ரலிலிருந்து கிளம்பும் அகலப் பாதை.

தென்னாப்பிரிக்கப் போரை ஆடுபவர்களுக்கும் இதே தண்டவாளம் கைகொடுக்கிறது. 1899 நவம்பர் 15 அன்று நேட்டாலில் போயர் படையினர் கவச ரயில் ஒன்றை மறித்துக் கவிழ்த்தார்கள். செய்தியாளராக அதில் போன வின்ஸ்டன் சர்ச்சில் பிடிபட்டார். அதே நேட்டாலில் காந்தி திரட்டிய சுமார் 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையில், ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். அந்த நாட்டுப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். 1:64 அளவில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் 1,056-ஐக் காட்டுகிறது. 28 மில்லிமீட்டர் பொம்மைகளில் கொஞ்சம் மெலிந்தவற்றோடு இது ஒத்துப்போகும்.

தண்டவாளம் பொருந்திவிட்டதால் வண்டியும் பொருந்திவிடாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 2.7 மீட்டர், அதாவது பாதையின் அகலத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. 1:60-இல் அது 45 மில்லிமீட்டர். கடையில் வாங்கிய ஹெச்.ஓ. பெட்டி சுமார் 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் அருகே 28 மில்லிமீட்டர் சிப்பாயை நிறுத்தினால் கதவுக்குள் அவர் நுழைய முடியாது. அனுபவசாலிகள் சக்கரமும் மோட்டாரும் உள்ள அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேல் உடலை அட்டையிலோ பிளாஸ்டிக் தாளிலோ முப்பரிமாண அச்சிலோ புதிதாகச் செய்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் ரயில் ஓட வேண்டியதில்லை என்றால் மோட்டாரும் தேவையில்லை. கையால் தள்ளினால் போதும்.

உடல் செய்யும்போது கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் முகப்பில் இருக்கிறது. இந்திய அகலப் பாதையின் பழைய வண்டிகளில் இடமும் வலமும் இரண்டு பஃபர்கள், நடுவில் திருகு இணைப்பு. மீட்டர் கேஜ் வண்டிகளில் நடுவில் ஒரே பஃபர். இணைப்பும் அதனோடு சேர்ந்தது. ஐரோப்பிய இன்ஜின் மாதிரிகளில் பெரும்பாலானவை இரட்டைப் பஃபர் கொண்டவை. அவற்றை எவ்வளவு கறுப்பாகப் பூசினாலும் விழுப்புரம் ரயிலாகக் காட்ட முடியாது. பக்கத்துப் பஃபர்களை வெட்டி எறிந்து நடுவில் ஒன்றை ஒட்டினால், மூன்றடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ஆண்டு. குண்டு வடிவ மூக்கும் அதன் நடுவே நட்சத்திரமும் கொண்ட டபிள்யூ.பி. இன்ஜினைத்தான் 'பழைய இந்திய ரயில்' என்றதும் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் 16 இன்ஜின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனத்திலிருந்து 1947-இல் வந்தன. உலகப் போர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே முடிந்திருந்தது. தமிழ்நாட்டுக்காரர்களின் நினைவில் நிற்கும் மீட்டர் கேஜ் ஒய்.பி., ஒய்.ஜி. இன்ஜின்களும் 1949 முதல் வந்தவை. 1942-க்கு ஏற்றவை 1920-களில் வகுக்கப்பட்ட இந்தியத் தர வடிவங்களும் அவற்றுக்கு முந்தைய பிரிட்டிஷ் ஆக்கங்களும்தான். சரக்கு வண்டிக்கு உருவான ஒய்.டி. இன்ஜினில் முன்னால் ஒரு ஜோடிச் சிறு சக்கரம், நடுவில் நான்கு ஜோடி இயக்கச் சக்கரம், பின்னால் ஒரு ஜோடிச் சிறு சக்கரம். கடையில் இதே சக்கர அமைப்புள்ள எந்த நாட்டு மாதிரி கிடைத்தாலும் அதன் அடித்தளம் பயன்படும்.

இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில் எழுதும் எழுத்துக்கும் தேதி உண்டு. தென்னிந்திய ரயில்வே (எஸ்.ஐ.ஆர்.), மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14 அன்று. 1942 ஆட்டத்தில் விருத்தாசலம் வழியே போகும் வண்டியில் எஸ்.ஐ.ஆர். என்றுதான் இருக்க வேண்டும். நிறத்தைப் பற்றி மட்டும் பழைய புகைப்படங்களை முழுதாக நம்பக் கூடாது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. செம்பழுப்புப் பெட்டி அந்தப் படத்தில் கறுப்பாகவே விழும்.

பழசு என்றால் நீராவி என்ற எண்ணமும் சில இடங்களில் தவறிவிடும். சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931-லேயே 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் புறநகர் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1942-இல் சென்னையிலிருந்து மக்கள் வெளியேறும் காட்சியை அமைப்பவர் எழும்பூர் மேடையில் மின்கம்பிகளையும் மின்சார வண்டியையும் தைரியமாக வைக்கலாம். தாம்பரத்துக்குத் தெற்கே வைத்தால் பிழை. அங்கே தாம்பரம் – விழுப்புரம் பகுதிக்கு 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் வந்தது 1960-களின் நடுவில். அதற்காகவே ஜப்பானின் மிட்சுபிஷி 20 ஒய்.ஏ.எம்.1 இன்ஜின்களைச் செய்தது. இந்தியாவில் மீட்டர் கேஜுக்கென்று உருவான மாறுமின்னோட்ட இன்ஜின் வகை அது ஒன்றுதான்.

வரைபடமும் மாறிக்கொண்டே இருந்தது. போர்க்காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு; வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பெயர்த்து, தண்டவாளங்களை வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1928-இல் திறந்த மதுரை – போடிநாயக்கனூர் பாதை அப்படிப் பெயர்க்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டது. 1943-ஐக் களமாகக் கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் ஆடுபவர் ரயிலே வைக்கக் கூடாது. மண் மேட்டை மட்டும் விட்டுவைத்தால் அதுவே சரியான வரலாறு. காலாட்படைக்கு நல்ல மறைவாகவும் இருக்கும்.

நெய்வேலிக்கே வருவோம். 1942-இல் நெய்வேலி என்பது மானாவாரி நிலமும் முந்திரியும் கொண்ட கிராமப் பகுதி. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வெளிப்பட்ட செய்தி ஊரறிந்தது. ஆனால் அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்கும் நிறுவனம் பிறந்தது 1956-இல்; 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; பழுப்பு நிலக்கரியின் படுகை கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்; சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு 1962-இல் இயங்கியது. ஆக 1942 மேசையில் புகைபோக்கியும் இல்லை, பிளாக் எண் போட்ட குவார்ட்டர்ஸும் இல்லை.

சுரங்கம் இயங்கிய காலம் வேண்டும் என்று 1971-ஐக் களமாக எடுத்துக்கொண்டாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. சுரங்கம் என்றதும் கரி ஏற்றிய குட்டி ரயிலை வைக்கக் கை துறுதுறுக்கும். நெய்வேலியில் கரியைத் தோண்டியது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். மேலே கொண்டுவந்தது கன்வேயர் பெல்ட். சுரங்க ரயில் என்பது ஜெர்மனியின் கதை. அங்கே லவுசிட்ஸ் பழுப்பு நிலக்கரி வயல்களில் 900 மில்லிமீட்டர் அகலப் பாதையில் மின்சார இன்ஜின்கள் கரியையும் மேல்மண்ணையும் இழுத்தன. 1945 ஏப்ரலில் கோனெவ் தலைமையிலான சோவியத் படைகள் பெர்லினை நோக்கிப் பாய்ந்தது ஸ்ப்ரெம்பெர்க் வட்டாரத்தின் வழியே. அது இந்த நிலக்கரி நாடுதான். அந்தப் போரை 28 மில்லிமீட்டர் பொம்மைகளில் ஆடுபவருக்கும் ஹெச்.ஓ. தண்டவாளமே போதும்: 16.5-ஐ 56-ஆல் பெருக்கினால் 924. சுரங்க ரயில் ஆசை உள்ள நெய்வேலிக்காரர் களத்தை லவுசிட்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்திய மண்ணில் ரயில் உண்மையிலேயே போரைத் தீர்மானித்த களம் வேண்டுமென்றால் 1944-இன் அசாமுக்குப் போக வேண்டும். கோஹிமாவிலும் இம்பாலிலும் நின்ற படைகள் நிலவழியே உணவுக்கும் குண்டுக்கும் நம்பியிருந்தது ஒரு மீட்டர் கேஜ் பாதையை. கல்கத்தாவிலிருந்து அகலப் பாதையில் வரும் சரக்கு பார்வதிபூரில் இறக்கப்பட்டு மீட்டர் கேஜ் வேகன்களில் ஏற்றப்படும். பிரம்மபுத்திராவின் வடகரையில் அமீன்காவோனில் பாதை முடியும். சராய்காட் பாலம் 1962-இல்தான் வந்தது. அதனால் வேகன்கள் படகில் ஏறிப் பாண்டு துறைக்குக் கடந்து, பிறகு திமாப்பூரை நோக்கிப் போகும். திமாப்பூர் நிலையத்துக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர். கோஹிமாவிலிருந்து அது சுமார் 74 கிலோமீட்டர். ஜப்பானிய 31-ஆவது டிவிஷன் கோஹிமாவில் மோதி நிற்காமல் திமாப்பூரைப் பிடித்திருந்தால் அசாம் முழுவதன் தொண்டையும் நெரிபட்டிருக்கும்.

அந்த நெருக்கடியில் பாதையை நடத்தும் பொறுப்பை 1944 மார்ச் 1 அன்று அமெரிக்க ராணுவ ரயில்வே பிரிவினர் ஏற்றார்கள். அவர்களோடு போர்க்காலத்துக்கென்றே வடிவமைத்த மீட்டர் கேஜ் இன்ஜின் வந்தது. ரயில்வேக்காரர்கள் அதை மெக்கார்தர் என்று அழைத்தார்கள். ஒய்.டி.யின் அதே சக்கர அமைப்புதான், ஆனால் தோற்றம் அசல் அமெரிக்கம். அசாம் களத்தில் மட்டும் அமெரிக்க மாதிரியை அடித்தளமாக எடுப்பது முழுக்கச் சரி. கடலூர் 1942-இல் அதையே வைத்தால் தப்பு.

பார்வதிபூர் போன்ற சரக்கு மாற்று நிலையத்தை மேசையில் காட்ட 15 மில்லிமீட்டர் அளவே உகந்தது. 16.5 மில்லிமீட்டர் ஹெச்.ஓ. தண்டவாளம் அகலப் பாதையாகும். 9 மில்லிமீட்டர் என். வகைத் தண்டவாளம் 1:100-இல் 900-ஐயும் 1:110-இல் 990-ஐயும் காட்டி மீட்டர் கேஜாகும். இரண்டும் கடையில் கிடைப்பவை. இரண்டையும் ஒரு நடைமேடையின் இருபுறமும் போட்டு நடுவில் மூட்டைகளையும் கூலியாட்களையும் நிறுத்தினால், விதிப் புத்தகம் சொல்லாமலே தாமதத்தின் காரணம் ஆட்டக்காரருக்கு விளங்கும். ஒரு அகல வேகனின் சரக்கை இறக்கி ஏற்ற எத்தனை ஆட்டச் சுற்று என்று நிர்ணயித்தால் அதுவே ஆட்டத்தின் முதுகெலும்பாகிவிடும்.

எதிர்த்தரப்பு ரயிலும் மீட்டர் கேஜ்தான். ஜப்பானில் 1,067 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்த சி56 வகை இன்ஜின்களில் முதல் 90-ஐச் சக்கர இடைவெளி குறைத்துத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள். அவை ஓடிய பாதைகளில் ஒன்று 415 கிலோமீட்டர் நீளமான சயாம் – பர்மா பாதை. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்த அந்தப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு சுமார் 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். சி56-இன் சிறு மாதிரி ஜப்பானியக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஜப்பானிய என். வகை மாதிரிகள் 1:150 அளவிலானவை என்பதால் 15 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு அதன் உடல் சிறியது. பின்னணியில் தொலைவில் போகும் வண்டியாக வைத்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக, மேசையின் இயற்பியல். நீளம் 60-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் பரப்பு 3,600-இல் ஒரு பங்காகவும் கன அளவு 2,16,000-இல் ஒரு பங்காகவும் சுருங்கும். 60 டன் இன்ஜின் ஒன்றை அதே உலோகத்தில் அப்படியே சுருக்கினால் எடை சுமார் 278 கிராம். இழுவைக்கு அது போதாது என்றால் உள்ளே ஈயம் வைப்பார்கள். 17 மீட்டர் பெட்டி 28 சென்டிமீட்டர் ஆகும். பத்துப் பெட்டிகளே கிட்டத்தட்ட 2.8 மீட்டர். ஆறடி மேசையின் நீளம் 1.8 மீட்டர்தான். அதனால் இன்ஜினும் மூன்று நான்கு வேகன்களும் முழு ரயிலுக்குப் பதிலாள் ஆகின்றன. வளைவும் அப்படித்தான். ஹார்ன்பி தண்டவாளத்தின் மிகக் குறுகிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர். 1:60-இல் அது வெறும் 22 மீட்டர். அவ்வளவு நெருக்கத்தில் எந்தப் பெரிய மீட்டர் கேஜ் இன்ஜினும் திரும்பாது. மேசையின் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேறும் நேர்ப் பாதையே அழகுக்கும் உண்மைக்கும் நல்லது.

வேகத்தையும் கணக்கிட்டால் சிரிப்பு வரும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 22 சென்டிமீட்டர். எட்டே விநாடியில் ரயில் களத்தைக் கடந்துவிடும். காலாட்படை துப்பாக்கியைத் தூக்குவதற்குள் கதை முடியும். அதனால் நல்ல விதிப் புத்தகங்கள் ஓடும் ரயிலைவிட நிற்கும் ரயிலுக்கே அதிகப் பக்கம் ஒதுக்குகின்றன: தண்ணீர் பிடிக்கும் நேரம், சிக்னலில் காத்திருப்பு, பெயர்க்கப்பட்ட ஒரு தண்டவாளத்தைச் சரிசெய்யும் நேரம்.

நெய்வேலிக்காரரின் கடைப் பட்டியல் இப்போது சிறியது. 1942-க்கு 28 மில்லிமீட்டர் சிப்பாய், நான்கு ஜோடி இயக்கச் சக்கரம் உள்ள ஏதாவது ஹெச்.ஓ. அடித்தளம், அட்டை உடல், நடுவில் ஒற்றைப் பஃபர், டெண்டரில் எஸ்.ஐ.ஆர். 1971-க்கு அதே தண்டவாளத்தில் ஒய்.பி. அல்லது ஒய்.ஜி.; களம் விழுப்புரத்தைத் தொட்டால் மின்கம்பியும் ஒரு ஒய்.ஏ.எம்.1-உம். இரண்டு ஆட்டங்களுக்கும் தண்டவாளம் ஒரு தடவை வாங்கினால் போதும்.